கொழும்பின் சதுப்புகள்: ஒரு பேர்ச் நிலம் செய்கிற வேலை

புதன், வெள்ளவத்தை

இந்தப் பயணத்துக்கு ஒரே நோக்கம்தான். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள் வெள்ளத்தைப் பிடித்து வைக்கிற வேலைக்குப் பணக்கணக்கு போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் வருகிற இடங்களை நேரில் பார்க்க வேண்டும். எனக்கு வீடு சென்னை வேளச்சேரியில். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் சதுப்பு நிலத்தைப் பற்றி அக்கறையில்லாமல் பேச முடியாது. பேசக்கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனாலும் பேசுகிறார்கள்.

பழைய அலுவலக நண்பனின் அம்மா வீட்டில் தங்கல். பையை வைத்துவிட்டு, சாயங்காலமே வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் சேரும் இடத்துக்கு நடந்துபோனேன். மேலே ரயில் போகிறது, கீழே கறுப்பாக, மெதுவாக, அகலம் குறைந்த ஒரு கால்வாய். வாயில் மணல் திட்டு. இவ்வளவு பெரிய நகரத்தின் மழைநீர் வெளியேற இருக்கிற ஒரு சில வழிகளில் இதுவும் ஒன்று என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது பயமாகவே இருக்கிறது. தெற்கே தெஹிவளையில் இன்னொன்று. வடக்கே களனி கங்கைக்குப் போகும் மதகு, அப்புறம் முகத்துவாரம் பக்கம் கடலுக்குப் போகும் சுரங்கக் கால்வாய். பெரிய வழிகள் இவ்வளவுதான்.

களனி கங்கை சிவனொளிபாதமலைப் பக்கம் பிறந்து, இலங்கையிலேயே அதிக மழை பெய்கிற பிரதேசங்களில் ஒன்றைக் கடந்து, கொழும்புக்கு வடக்கே கடலில் சேர்கிறது. நகரத்தின் பெரும்பகுதி அந்த ஆற்றின் வெள்ளச் சமவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பல இடங்கள் கடல் மட்டத்துக்கு மேலே ஒன்றிரண்டு மீட்டர்தான். ஆறு உயரும்போது, ஆற்று நீர் நகருக்குள் வராதிருக்க வடக்கு மதகை மூடிவிடுவார்கள். அதே நேரம் நகருக்குள்ளும் மழை பெய்துகொண்டிருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கோட்டே, கொலன்னாவ, ஹீன் எல என்று நகருக்குக் கிழக்கே இருக்கிற சதுப்புகளில் போய் நிற்கும். நின்று, கால்வாய்களில் இடம் கிடைக்கக் கிடைக்க மெதுவாக இறங்கும்.

கல்யாண மண்டபத்தில் பந்திக்கு இருநூறு இலைதான் போட முடியும், வந்திருப்பது ஆயிரம் பேர் என்றால், சாப்பாட்டுக் கூடத்தைக் காப்பாற்றுவது வெளியே இருக்கிற கூடமும் நாற்காலிகளும்தான். கால்வாய் பந்தி, சதுப்பு அந்த வெளிக்கூடம். கூடத்தில் கடை கட்டி வாடகைக்கு விட்டுவிட்டால் அந்த ஆயிரம் பேரும் ஒரே கதவில்தான் வந்து முட்டுவார்கள்.

இரவுச் சாப்பாட்டில் அன்ரியிடம் (நண்பனின் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) இதைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, நாங்கள் இஞ்ச வந்த காலத்தில கிருலப்பனை தாண்டினா சேறும் வயலும்தான். பிள்ளையளை அங்கால விடமாட்டம். இப்ப பாருங்கோ, எல்லாம் மாடி வீடு. மழை மட்டும் முந்திப் பெய்த மாதிரித்தான் பெய்யுது." 1992 ஜூனில் கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குக் கால்வாய் எங்கே, தெரு எங்கே என்று தெரியவில்லையாம்.

வியாழன், கோட்டே

காலை ஏழு மணிக்கே பெத்தகான ஈரநிலப் பூங்கா. மரப்பலகைப் பாதையில் நடந்தால் இரண்டு பக்கமும் கோரை, நாணல், அப்புறம் முட்டை வடிவக் காய் தொங்குகிற ஒரு மரம் எங்கே பார்த்தாலும். சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த வெளிநாட்டு மரம் அது. வந்து குடியேறி இந்தச் சதுப்பையே பிடித்துக்கொண்டது. ஒரு செந்நாரை, ஜோடியாக நீலத்தாழைக்கோழி. மீன்பிடிப் பூனை இந்த நகரத்துக்குள்ளேயே வாழ்கிறது. இரவில் நடமாடுகிற விலங்கு என்பதால் பகலில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதன் காலடி போல ஒன்றை ஈரமண்ணில் காவலாளி காட்டினார்.

கோட்டே எங்கே கட்டப்பட்டது என்பதற்கே சதுப்புதான் காரணம். 14ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் என்ற பிரபு, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் படையைத் தடுக்க இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கோட்டை கட்டினார். அவருடைய குடும்பம் தென்னிந்தியாவிலிருந்து வந்தது. மூன்று பக்கமும் சேறும் நீரும் இருக்க, ஒரு பக்கம் மட்டும் அகழி வெட்டினால் போதும். பிறகு அதுவே கோட்டே ராஜ்ஜியத்தின் தலைநகரம் ஆனது. அகழியின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். படையை நிறுத்த உதவிய சேறு இப்போது வெள்ளத்தை நிறுத்துகிறது. இரண்டும் நாட்டின் பாதுகாப்புச் செலவில் எழுதப்பட வேண்டியவை என்பது என் கருத்து.

பூங்காவிலிருந்து நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தேன். ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கட்டடம், 1982இல் திறந்தது. சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி நடுவில் தீவாக விட்டுக் கட்டினார்கள், அதுதான் தியவன்னா. 2010 நவம்பரில் ஒரே இரவில் 400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்து, வெள்ளம் இந்த நாடாளுமன்றத்துக்குள்ளேயே வந்தது. அதே வருஷம் மே மாதமும் கொழும்பு மூழ்கியிருந்தது. சட்டம் செய்கிறவர்களின் இருக்கை வரை தண்ணீர் வந்த பிறகுதான் காரியம் நடந்தது என்று சொல்ல மாட்டேன், பலர் அதற்கு முன்பிருந்தே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு பணம் வந்தது. 2012இல் உலக வங்கி 21 கோடியே 30 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. கால்வாய் தூர்வாரல், மதகுகள், நீரேற்று நிலையங்கள், முகத்துவாரத்தில் புதுச் சுரங்கம் என்று திட்டம் போட்டார்கள்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் அதற்கடுத்து நடந்ததுதான். கான்கிரீட் வேலைக்குத் திட்டம் போட்ட அதே பொறியாளர்களும் பொருளாதாரக்காரர்களும், சதுப்பு எல்லாம் போய்விட்டால் இந்தக் கால்வாயும் பம்பும் போதுமா என்று கேட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கொழும்புப் பெருநகரில் பெய்கிற மழைநீரில் 39 சதவீதத்தைச் சதுப்புகள் பிடித்து வைக்கின்றன என்று வந்தது. அவை இல்லையென்றால் பெருநகரின் மொத்த உற்பத்தி மதிப்பில் சராசரியாக 1 சதவீதம் ஒவ்வொரு வருஷமும் வெள்ளச் சேதத்தில் போகும். ஒரு நகரம் தன் சம்பாத்தியத்தில் நூற்றில் ஒரு ரூபாயை, எந்தப் பயனும் இல்லாமல், வருஷா வருஷம் தண்ணீரில் விடுவது. நல்ல வருஷத்தில் ஒன்றும் போகாது, கெட்ட வருஷத்தில் பல மடங்கு போகும்; சராசரி என்றால் அப்படித்தான்.

இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் கணக்குப் போட்ட விதம். எதிர்காலத்தில் மழை எவ்வளவு கூடும், நகரம் எவ்வளவு வளரும், சேதம் எவ்வளவு ஆகும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு எதிர்காலத்தை நம்பிக் கணக்குப் போடாமல், பலவிதமான எதிர்காலங்களை வைத்து, எந்த முடிவு எடுத்தால் பெரும்பாலானவற்றில் பிறகு வருந்த வேண்டியிருக்காது என்று தேடினார்கள். சதுப்பைக் காப்பாற்றுவது என்ற முடிவு அதில் தேறியது. நிரப்பிவிட்ட சதுப்பை மறுபடி சதுப்பாக்குவது நடைமுறையில் நடக்காத காரியம், ஆகவே சந்தேகம் இருக்கும்போது காப்பாற்றுகிற பக்கம் சாய்வதுதான் புத்தி.

மாலையில் தலவத்துகொட பக்கம் தியசரு பூங்கா. இதைப் பராமரிப்பது 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் வந்த அரசு நிறுவனம். தாழ்நிலங்களை நிரப்பி வீடும் தொழிலும் வைக்கிற நிலமாக மாற்றுவதுதான் அப்போது அதற்குக் கொடுத்த பணி. அதே நிறுவனத்தின் ஆட்கள் இன்று சதுப்பைக் காக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுகிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. எந்த அலுவலகமும் மாறாது என்று சொல்லிச் சொல்லியே நாம் எந்த அலுவலகத்தையும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். 2018 அக்டோபரில் உலகில் முதல் முறையாக 18 நகரங்களுக்கு, ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொடுத்தபோது அதில் கொழும்பும் ஒன்று.

வெள்ளி, கொலன்னாவ

இன்று பூங்கா எதுவும் இல்லை. அன்ரியின் தங்கை மகன் ஆட்டோ பிடித்துக் கூட வந்தார். வெல்லம்பிட்டிய, கொலன்னாவ, மீதொட்டமுல்ல. சதுப்பின் விளிம்பு எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத தெருக்கள். கட்டட இடிபாடு, செம்மண், பழைய டயர் எல்லாம் கொட்டி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்கிறார்கள். ஒரு லாரி மண் ஒரு அடி முன்னே. பெரிய கம்பெனி வந்து நிரப்புவதை மட்டுமே நாம் கற்பனை செய்கிறோம், உண்மையில் இரண்டு விதமாகவும் நடக்கிறது, இந்தச் சின்ன நகர்வில் ஈடுபடுகிறவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

மீதொட்டமுல்லவில் குப்பைமேடு இருந்த இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தோம். சதுப்பின் ஓரத்தில் நகரத்தின் குப்பையைக் கொட்டிக் கொட்டி 300 அடி உயரம் வரை போனது என்றார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள் பிற்பகல், அது சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். பெருங்குடிக் குப்பைமேட்டைத் தாண்டித் தினமும் போகிற ஆள் நான், கொஞ்ச நேரம் பேச முடியாமல் நின்றேன். சதுப்பு என்றால் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று முடிவு செய்துவிட்டால், அடுத்து அதில் குப்பை கொட்டுவது, அதற்கடுத்து குப்பைக்குப் பக்கத்தில் ஏழைகளைக் குடிவைப்பது, இந்த வரிசை எந்த ஊரிலும் மாறுவதில்லை.

வெல்லம்பிட்டியவில் ஒரு பலசரக்குக் கடை. கடைக்காரர் முஸ்லிம், அழகான தமிழ். 2016 மே மாதம் களனி பெருகியபோது வந்த தண்ணீரின் தடத்தைச் சுவரில் காட்டினார், என் தோளுக்கு மேலே இருந்தது. "மூணு நாள் மேல்மாடியிலதான் தம்பி. நேவிக்காரங்க படகுல சாப்பாடு கொண்டுவந்து தந்தாங்க. அரிசி, சீனி, மா எல்லாம் போச்சு. ஃபிரிட்ஜ் மிதந்துச்சு."

"நஷ்டஈடு ஏதாவது வந்ததா, நானா?" என்றேன். இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கொஞ்சம் வந்தது. கடன்தான் நிறைய வந்தது."

அந்த மே மாத மழையிலும் நிலச்சரிவிலும் நாடு முழுக்க 50 கோடி டாலருக்கு மேல் சேதம் என்று கணக்கு. மிதந்துபோன அந்த ஃபிரிட்ஜ் அதில் எங்கேயோ ஒரு புள்ளி.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2016 வெள்ளம் மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கி வந்த வெள்ளம். கோட்டே சதுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை அப்படியே தடுத்திருக்க முடியாது. சதுப்பு தனக்கு வருகிற தண்ணீரைத்தான் பிடிக்கும், ஏற்கெனவே நிறைந்திருந்தால் இரண்டாவது மழைக்கு அதிகம் உதவாது. ஆற்றோரத் தாழ்நிலங்கள் திறந்து கிடந்திருந்தால் ஆறு பரவ இடம் இருந்திருக்கும், உச்ச மட்டம் குறைந்திருக்கும். இங்கே ஆற்றோரத் தாழ்நிலம் என்பதே இந்தக் கடைதான். சதுப்பு எல்லாவற்றையும் தீர்க்கும் என்று பேசுகிற நம் ஆட்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான், செய்யாத வேலையை அதன் தலையில் ஏற்றாதீர்கள். அது உண்மையிலேயே செய்கிற வேலை போதும் வாதாட.

சனி, முத்துராஜவெல

அதிகாலையில் நீர்கொழும்புச் சாலையில் பஸ், பிறகு ஆட்டோ, போபிட்டிய. அங்கிருந்து படகு. ஹாமில்டன் கால்வாயில் கொஞ்ச தூரம் போய், பிறகு முத்துராஜவெல சதுப்புக்குள். 1802இல் தொடங்கி 1804இல் முடித்த கால்வாய், 14.5 கிலோமீட்டர். பழைய கோட்டே ராஜ்ஜியக் காலத்தில் இங்கே நெல் விளைந்தது. பிறகு வெட்டிய கால்வாய்கள் வழியாகக் கடலின் உப்பு ஏறிச் சாகுபடி கெட்டது. அந்த உப்புநீரை வெளியேற்றத்தான் ஆங்கிலேயர் இந்தக் கால்வாயை வெட்டினார்கள். நெல் திரும்பவில்லை.

படகுக்காரர் கத்தோலிக்க மீனவர் குடும்பம். சிங்களம்தான் அதிகம், ஆனால் பாட்டி பேசிய தமிழ் கொஞ்சம் வைத்திருக்கிறார். நான் அண்ணே என்று கூப்பிட்டதும் அதுவும் வெளியே வந்தது. உள்ளே போகப் போக இன்ஜின் சத்தத்தைக் குறைத்தார். கிளையில் ஒரு குரங்குக் கூட்டம், கரையில் ஆள் நீளத்துக்கு ஒரு நீர் உடும்பு, தூரத்தில் கட்டுநாயக்க அதிவேகச் சாலையில் வண்டிகள். 2013இல் திறந்த அந்தச் சாலை இந்தச் சதுப்பின் ஊடாகத்தான் போகிறது. தெற்கே கெரவலப்பிட்டியவில் மண் போட்டு மேடாக்கிய நிலமும் மின் நிலையமும். வடக்குப் பகுதியை 1996இல் சரணாலயமாக அறிவித்தார்கள், அங்கேதான் இந்தப் படகு சுற்றுகிறது.

"மழைக்காலத்தில் இங்கே எவ்வளவு உயரும் அண்ணே?"

துடுப்பை இறக்கிக் காட்டினார். "இவ்வளவு ஏறும் ஐயா. ஆனா மெதுவா ஏறும், மெதுவா இறங்கும். களப்புல ஒரேயடியா வராது."

அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னதைத்தான் ஆய்வாளர்கள் எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். தண்டுகம் ஓயா, களு ஓயா, களனி என்ற மூன்று ஆறுகளிலிருந்தும் வருகிற வெள்ளம் இங்கே பரவுகிறது. 3,068 ஹெக்டேர் சதுப்பு, அதிகபட்சம் 1 கோடியே 10 லட்சம் கன மீட்டர் நீர் பிடிக்கும், நீர்கொழும்புக் களப்புக்கு (கடலோரக் காயலுக்கு) வினாடிக்கு 12.5 கன மீட்டருக்கு மேல் விடாது. பிடிக்கிற நீரை விடுகிற நீரால் வகுத்துப் பாருங்கள், பத்து நாளுக்குக் கொஞ்சம் மேல் வரும். அதாவது இங்கே நுழைந்த வெள்ளம் முழுதாக வெளியேறப் பத்து நாள் ஆகும். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற அளவில் சொன்னால் சோழவரம் ஏரியின் முழுக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஷட்டர் இல்லாமல், ஆப்பரேட்டர் இல்லாமல், நள்ளிரவில் யாரையும் எழுப்பாமல் நடக்கிறது.

2003இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்துக்காக எமர்ட்டன், கெகுலந்தல என்ற இருவர் இதற்குப் போட்ட மதிப்பீடு உலகம் முழுக்க எடுத்தாளப்படுகிறது. வெள்ளத்தை மட்டுப்படுத்துகிற வேலைக்கு மட்டும் வருஷத்துக்கு 48 கோடியே 55 லட்சம் இலங்கை ரூபாய், அன்றைய டாலரில் கிட்டத்தட்ட 54 லட்சம். தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது 18 லட்சம் டாலர், விவசாயம் 3 லட்சத்து 36 ஆயிரம், அடுத்த களப்பின் மீன்வளத்துக்குத் துணையாக இருப்பது 2 லட்சத்து 22 ஆயிரம். நான் இன்று டிக்கெட் வாங்கிப் போன மாதிரி உல்லாசம் எல்லாம் சேர்த்து 58 ஆயிரம் டாலர்தான். மொத்தம் 80 லட்சம் டாலர், அதில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளத் தடுப்பு. நாம் சதுப்பைப் பற்றிப் பேசும்போது எப்போதும் பறவையையும் பூவையும்தான் படம் எடுத்துப் போடுகிறோம். இந்த நிலம் சம்பாதிக்கிற பணத்தில் பெரும்பகுதியைப் படம் எடுக்கவே முடியாது, அது நடக்காமல் போன வெள்ளம்.

அந்த 48 கோடி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சதுப்பு இல்லாவிட்டால் அதே வேலையைச் செய்ய என்ன கட்ட வேண்டும்? வடிகால் அமைப்பு, நீரேற்று நிலையம், கால்வாய்களை ஆழமாக்கி அகலமாக்குவது. பக்கத்தில் நடந்த அது போன்ற ஒரு திட்டத்தின் செலவை வைத்து, அதை வருஷக் கணக்குக்குப் பிரித்தார்கள். மாற்றுச் செலவு முறை என்பார்கள். இதன் பலம், யாரும் மறுக்க முடியாத ஒப்பந்ததாரர் விலையில் பேசுகிறது. பலவீனம், அந்த மாற்றை நிஜமாகவே கட்டுவார்களா என்று சொல்ல முடியாது. கட்டாமல் விட்டால் செலவு வேறு இடத்தில், வெல்லம்பிட்டியக் கடைக்காரர் சுவரில் வரும்.

இன்னொரு வழி, தவிர்க்கப்பட்ட சேதத்தையே அளப்பது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஆட்டர் க்ரீக் என்ற ஆற்றில் 2011இல் ஐரீன் புயல் வெள்ளம் வந்தது. மேலே ரட்லாண்டில் பெரிய உச்சம், ஐம்பது கிலோமீட்டர் கீழே மிடில்பரியில் உச்சம் அடங்கி, நாள் கணக்கில் தாமதமாகத்தான் வந்தது, நடுவில் பெரிய சதுப்பு. அந்தச் சதுப்பு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மிடில்பரியின் கட்டடங்களை வைத்துக் கணக்கிட்டதில், சேதத்தை 84 முதல் 95 சதவீதம் குறைத்திருக்கிறது, அந்த ஒரு புயலில் மட்டும் 18 லட்சம் டாலர் வரை மிச்சம் என்று வந்தது. சின்ன ஊர் அது. கீழே எத்தனை வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்து மேலே இருக்கிற சேற்றின் மதிப்பு ஏறுகிறது. கொழும்பு மாதிரி, சென்னை மாதிரி நெருக்கமான இடத்தில் ஒரு ஹெக்டேரின் மதிப்பு எங்கே போகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இரவு நீர்கொழும்பு விடுதியில் உட்கார்ந்து நானே ஒரு கணக்குப் போட்டேன். இலங்கையில் நிலத்தை பேர்ச்சில்தான் விற்பார்கள், வாங்குவார்கள், ஏக்கருக்கு 160 பேர்ச். 48.55 கோடியை 3,068 ஹெக்டேருக்கு வகுத்தால் ஹெக்டேருக்கு ஒரு லட்சத்து 58 ஆயிரம். ஏக்கருக்கு 64 ஆயிரம். ஒரு பேர்ச்சுக்கு வருஷத்துக்கு 400 ரூபாய்.

எல்லாச் சிக்கலும் அந்த 400 ரூபாயில் இருக்கிறது. கொழும்பின் ஓரத்தில் மண் போட்டு மேடாக்கிய ஒரு பேர்ச் நிலம் லட்சக்கணக்கில் விலை போகிறது. அந்த லட்சம் பத்திரம் வைத்திருக்கிறவர் கைக்கு முழுசாக, ஒரே நாளில் வருகிறது. இந்த 400 ரூபாய் அவர் கைக்கு வருவதே இல்லை. அது கீழே இருக்கிற ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு, வராத தண்ணீராக, பைசா பைசாவாகப் பிரிந்து போகிறது. சந்தையை விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் மண் லாரிதான் ஜெயிக்கும்.

அப்புறம், 400 என்பது சராசரி. முதல் பேர்ச்சை நிரப்பும்போது எதுவும் தெரியாது, மீதி சதுப்பு தாங்கிக்கொள்ளும். பாதி போன பிறகு நிரப்புகிற பேர்ச் அப்படி இல்லை, அதற்குள் தேக்க இடமும் குறைந்திருக்கும், கீழே வீடும் கூடியிருக்கும். மிச்சம் இருக்கிற ஒவ்வொரு பேர்ச்சும் போனதைவிட விலை அதிகம். இத்தனை போயாச்சு, இன்னும் கொஞ்சம் போனால் என்ன என்று நம் ஊர்க் கூட்டங்களில் கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும்.

ஞாயிறு, தலங்கம

பூசை முடிந்து வருகிற கூட்டத்தோடு பஸ் பிடித்துக் கொழும்பு திரும்பி, சாப்பாட்டுக்கு முன்பே தலங்கம குளம். ஞாயிறு என்பதால் பைனாக்குலர் கழுத்தில் தொங்கப் பலர். குளத்துக்குக் கீழே வயல்கள், சில பச்சையாக, சில வருஷக்கணக்காகத் தரிசாக. 2007இல் இந்தப் பகுதியைச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். பிறகு இதன் மேலேயே தூண் நிறுத்தி உயரச் சாலை கொண்டுபோகத் திட்டம் வந்தபோது 2021இல் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள்.

வரப்பில் ஒரு வயதான விவசாயி. கூட வந்த அன்ரியின் தங்கை மகன் சிங்களத்தில் பேசி எனக்குச் சொன்னார். பிள்ளைகள் யாரும் வயலுக்கு வருவதில்லை, உரம், கூலி எல்லாம் போக நெல்லில் ஒன்றும் நிற்பதில்லை, விற்கச் சொல்லி வாரம் ஒருவர் வருகிறார். ஏன் விற்கவில்லை என்று கேட்டதற்கு, தாத்தா வயல் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

வயலும் ஈரநிலம்தான். வரப்பு உயரத்துக்கு மழைநீரைப் பிடித்து வைக்கிறது, நகரத்துக்கு மேலே இருப்பதால் கோட்டே சதுப்புக்குப் போகும் முன்பே வேகத்தைக் குறைக்கிறது. இந்த மனிதர் நெல் விளைவிப்பதோடு, கீழே இருக்கிற மாடி வீடுகளுக்கு வெள்ளக் காவலும் பார்க்கிறார். முதல் வேலைக்குக் குறைந்த கூலி, இரண்டாவதற்குக் கூலியே இல்லை. நீரேற்று நிலையத்துக்கு டீசலுக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஒதுக்குகிறார்கள், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அதே தலைப்பின் கீழ் இந்த வயலுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஏன் ஒதுக்கக் கூடாது? இனாமாகவோ மானியமாகவோ வேண்டாம், பார்க்கிற வேலைக்குக் கட்டணமாகவே கொடுக்கட்டும். தங்கை மகனிடம் இதைச் சொன்னதும் அவர் அப்படியே பெரியவரிடம் மொழிபெயர்த்தார். எவ்வளவு கொடுப்பார்கள் என்று பெரியவர் உடனே கேட்டார். அது சரியான கேள்வி.

நாளை காலை விமானம். எங்கள் பள்ளிக்கரணையில் 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக ஆனது, 2022இல் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமானது, தெற்கே இருக்கிற ஏரிகளின் உபரி எல்லாம் அதில் வந்துதான் ஒக்கியம் மடுவு வழியாகப் போகிறது. முத்துராஜவெலவுக்குப் போட்டது போல நமக்கும் மூன்று எண் வேண்டும்: எவ்வளவு பிடிக்கும், எத்தனை நாள் பிடிக்கும், அதே வேலையை பம்ப் வைத்துச் செய்ய என்ன செலவு. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு இந்த 400 ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகிறேன். வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் இருக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கும்.